பேருல தொள்ளாயிரம், உள்ள ஆயிரம்: ரயில் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய அமெரிக்க ரயில் யார்டு படம் ஒண்ணு போட்டாலும் போட்டோம், வந்த கடிதம், மெயில், வாட்ஸ்அப் எல்லாமே அதுல ஓரமா நின்ன கறுப்பு இன்ஜினைப் பத்திதான். முன்னாடி பெருசா சிரிச்சுக்கிட்டு நின்ன எக்ஸ்பிரஸ் இன்ஜினை ஒருத்தரும் கண்டுக்கல. சரி, இந்த வாரம் முழுக்க அந்த ஓரத்து ஆளுக்கே, அதாவது 'என் டபிள்யூ 2' இன்ஜினுக்கே குடுத்துடுவோம்.

கேள்வி: சிகாகோவுல இருக்குற என் பையன் லீவுக்கு வந்தப்ப ஒரு குட்டி ரயில் இன்ஜின் வாங்கிட்டு வந்தான். உள்ளங்கைக்குள்ள அடங்கிடுது, டப்பாவுல 'என் டபிள்யூ 2'ன்னு இருக்கு. நெசமாவே இப்படி ஒரு இன்ஜின் இருந்துச்சா? பேருக்கு என்ன அர்த்தம்? (வாசகர், பெரம்பூர்)

பதில்: இருந்துச்சு சார், அதுவும் ஆயிரத்து நூறுக்கு மேல செஞ்சாங்க. வீட்ல ஸ்கேல் இருந்தா அந்த பொம்மையை கப்ளரோட (பெட்டியைக் கோக்குற கொக்கி) சேத்து அளந்து பாருங்க, எட்டரை சென்டிமீட்டர் வந்துச்சுன்னா அது நெசத்துல 160ல ஒரு பங்கு, மாடல் ரயில்காரங்க 'என் ஸ்கேல்'னு சொல்றது. ஒரிஜினல் 44 அடி 5 அங்குல நீளம், எடை கிட்டத்தட்ட 112 டன். பின்னாடி ஒரு கேபின், முன்னாடி நீளமா ஒரு பொட்டி, அதுக்குள்ள இன்ஜின், நாலு அச்சு, நாலுலயும் மோட்டார். நம்ம ஊர் பாஷையில சொன்னா ஷண்டிங் இன்ஜின், அவங்க 'ஸ்விச்சர்'னு சொல்லுவாங்க. யார்டுக்குள்ள பெட்டிய அங்க இங்க தள்ளி ரயில் கோக்குறதுதான் வேலை.

செஞ்சது எலக்ட்ரோ மோட்டிவ். 1922ல ஹரோல்ட் ஹாமில்டன்னு ஒருத்தர் கிளீவ்லாண்டுல ஆரம்பிச்ச கம்பெனி, 1930ல ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிடுச்சு, கூடவே ரயிலுக்கு உள்ள வைக்கிற இன்ஜின் செய்ற வின்டன் கம்பெனியையும் சேத்து வாங்கிடுச்சு. அப்புறம் சிகாகோ பக்கத்துல லா கிராஞ்சுல பெரிய ஃபேக்டரி கட்டி அங்கிருந்து வரிசையா இறக்குனாங்க. என் டபிள்யூ 2 அங்க 1939 பிப்ரவரியில இருந்து 1949 டிசம்பர் வரைக்கும் வந்துச்சு.

இப்ப பேரு. இதுலதான் வேடிக்கை இருக்கு. 'என்'னா நைன் ஹண்ட்ரட், அதாவது 900 குதிரை சக்தி, 'டபிள்யூ'ன்னா வெல்டட், அடிச்சட்டம் வெல்டிங் பண்ணதுன்னு அர்த்தம் (வார்ப்புல ஊத்துன சட்டமா இருந்தா 'சி' போடுவாங்க). 600 குதிரை சக்தி இன்ஜினுக்கு சிக்ஸ் ஹண்ட்ரடோட 'எஸ்' வச்சு 'எஸ் டபிள்யூ'. நல்ல பேருதான், ஆனா 1939ல பழைய வின்டன் இன்ஜினை தூக்கிட்டு புதுசா அவங்களே செஞ்ச '567'ங்கிற டீசல் இன்ஜினை (அந்த நம்பர் என்னன்னு பின்னாடி சொல்றேன்) உள்ள வச்சாங்க, சக்தி 1000க்கு ஏறிடுச்சு, பேரை மட்டும் யாரும் மாத்தல. பேருல தொள்ளாயிரம், உள்ள ஆயிரம். அதை விடக் கொடுமை, 1949க்கு அப்புறம் 'என்'னை விட்டுட்டு எல்லாத்துக்கும் 'எஸ் டபிள்யூ'ன்னே பேரு வச்சுட்டாங்க, அதனால 1200 குதிரை சக்தி இன்ஜினுக்கும் 'அறுநூறு'ன்னு பேரு. நம்ம தெருவுல அஞ்சு மாடி கட்டின பிறகும் 'ஓட்டு வீட்டுக்காரர்'னு கூப்பிடுவோமே, அந்த மாதிரி.

கேள்வி: போன இதழ்ல அந்த கறுப்பு இன்ஜின் படத்துக்கு கீழ 'ஆல்கோ'ன்னு போட்டிருந்தீங்க. ரெண்டு புகைபோக்கி இருக்கே, ஆல்கோவா? (வாசகர், பொன்மலை)

பதில்: மாட்டிக்கிட்டேன். பொன்மலைல இருந்து லெட்டர் வந்தாலே எனக்கு கொஞ்சம் பயம்தான், ஒர்க்‌ஷாப்ல முப்பது வருஷம் ஸ்பேனர் பிடிச்ச கை எழுதியிருக்கும். நீங்க சொன்னது சரி அண்ணே, ஆல்கோங்கிறது எலக்ட்ரோ மோட்டிவோட போட்டிக் கம்பெனி, இது அவங்க சரக்கு இல்ல. அது என் டபிள்யூ 2, ரெண்டு புகைபோக்கி வரிசையா இருக்கும். ஆறு சிலிண்டர் எஸ் டபிள்யூ 1ன்னா ஒண்ணு. அதே காலத்து ஆல்கோ எஸ்-1, எஸ்-2 ரெண்டுக்குமே ஒரே ஒரு புகைபோக்கிதான், அதுவும் எஸ்-1க்கு ஒல்லியா, எஸ்-2க்கு காத்தை அழுத்தி உள்ள தள்ளுற டர்போ இருக்குறதால குண்டா. இன்னொரு அடையாளம், ஆல்கோவுக்கு ரேடியேட்டர் பொட்டியோட பக்கவாட்டுல முன்மூலையில தெரியும், எலக்ட்ரோ மோட்டிவுக்கு நெத்தி முழுக்க ரேடியேட்டர்தான். நான் இதெல்லாம் பாக்காம கறுப்பா இருக்கேன்னு ஆல்கோன்னு எழுதிட்டேன்.

கேள்வி: டீசல் இன்ஜின் வந்ததும் முதல்ல மெயில், எக்ஸ்பிரசுக்குத்தானே போட்டிருக்கணும்? ஏன் யார்டுல போய் ஷண்டிங்குக்கு போட்டாங்க? (கல்லூரி மாணவி, கோயமுத்தூர்)

பதில்: தங்கச்சி, இந்த கேள்விக்காகத்தான் இந்த வாரம் பக்கத்தையே ஒதுக்குனேன்னு வச்சுக்கோங்க. எல்லாரும் டீசல்னா 1934 மே மாசம் டென்வர்ல விடியக்காலை கிளம்பி சாயங்காலத்துக்குள்ள சிகாகோ போன அந்த வெள்ளி கலர் ஸெஃபிர் ரயிலைத்தான் சொல்லுவாங்க, 13 மணி நேரம் 5 நிமிஷம், பேப்பர்ல எல்லாம் போட்டோ. ஆனா நீராவிய நெசமா காலி பண்ணது யார்டுல அழுக்கா திரிஞ்ச இந்த ஷண்டிங் இன்ஜின்தான்ங்கிறது என் கட்சி.

முதல் காரணம் சட்டம். நியூயார்க் சிட்டில நீராவி இன்ஜின் புகை தாங்க முடியல, 1902ல பார்க் அவென்யூ சுரங்கத்துல புகையில சிக்னல் தெரியாம ரயிலும் ரயிலும் மோதி 15 பேர் செத்தாங்க. 1923ல காஃப்மன் சட்டம்னு ஒண்ணு கொண்டுவந்து ஊருக்குள்ள நீராவியே கூடாதுன்னுட்டாங்க. மின்சார லைன் போட்ட பெரிய கம்பெனிக்கு கவலை இல்ல, ஆனா பிராங்க்ஸ்ல நியூஜெர்சி சென்ட்ரல் ரயில்வேக்கு ஒரு குட்டி யார்டு, மத்த எந்த தண்டவாளத்தோடயும் ஒட்டு உறவு கிடையாது, பெட்டியெல்லாம் படகுல ஏத்திதான் கொண்டு வரணும். அதுக்குப் போய் யார் மின்சாரக் கம்பி இழுப்பா? அதனால 1925ல ஆல்கோ உடம்பு, ஜெனரல் எலக்ட்ரிக் மோட்டார், இங்கர்சால் ரேண்ட் இன்ஜின்னு மூணு பேரு சேந்து செஞ்ச 300 குதிரை சக்தி டீசலை வாங்கி விட்டாங்க. நம்பர் 1000. அது 1957 வரைக்கும் உழைச்சுது, இப்ப பால்டிமோர் ரயில் மியூசியத்துல உக்காந்திருக்கு.

ஆனா சட்டம் ஒரு ஊருக்குத்தான், நாடு முழுக்க பரவுனதுக்கு காரணம் கணக்கு. ஷண்டிங் இன்ஜினோட ஒரு நாளை நினைச்சுப் பாருங்க, பத்து நிமிஷம் தள்ளும், இருபது நிமிஷம் சும்மா நிக்கும், மறுபடி அஞ்சு நிமிஷம் இழுக்கும், அப்புறம் சிக்னலுக்கு நிக்கும். நீராவி இன்ஜின் சும்மா நின்னாலும் அடுப்பு எரிஞ்சுகிட்டேதான் இருக்கணும், அணைச்சா மறுபடி பிரஷர் ஏத்த மணிக்கணக்காகும், நின்ன நேரத்துக்கும் கரி, தண்ணி, ஆளு. ஷிஃப்ட் முடிஞ்சா நெருப்பைக் கொட்டி சாம்பல் அள்ளணும், பாய்லர் கழுவணும், தண்ணித் தொட்டிக்கு ஓடணும், கரி ஏத்தணும். வேலை செஞ்ச நேரத்தை விட அதுக்கு வேலை செஞ்ச நேரம் ஜாஸ்தி. டீசலுக்கு டாங்க் ரொப்பி விட்டா போதும், மூணு ஷிஃப்டும் அதே இன்ஜின் ஓடும், நடுவுல ஐடில்ல நின்னா குடிக்கிற எண்ணெய் சொற்பம். அதனால நீராவி இன்ஜின் நாலு செஞ்ச வேலையை டீசல் ரெண்டு மூணு செஞ்சா போதும்ங்கிற நிலைமை, கம்பெனி கணக்குப்பிள்ளைக்கு இதுக்கு மேல என்ன வேணும்? எக்ஸ்பிரஸ் ரயில்ல நீராவி இன்ஜின் நிக்கிறதே கம்மி, அதனால அங்க இந்த வித்தியாசம் அவ்வளவு சீக்கிரம் கண்ணுல படல.

ஆனா ஒரு வேடிக்கை. குளிர்காலத்துல இந்த டீசலையும் ராத்திரி பூரா ஆஃப் பண்ணாம ஐடில்லயே விட்டு வச்சாங்க. ஏன்னா ரேடியேட்டர்ல ஊத்துறது வெறும் தண்ணிதான், கார் மாதிரி உறையாம இருக்க மருந்து கலக்க மாட்டாங்க, கசிஞ்சு இன்ஜின் ஆயில்ல கலந்துச்சுன்னா பேரிங் போயிடும். ஆஃப் பண்ணா தண்ணி உறைஞ்சு பிளாக்கே வெடிச்சிடும். ஜனவரி மாசம் பனி கொட்டுற யார்டுல ஆளில்லாம பத்து இன்ஜின் வரிசையா தடதடன்னுக்கிட்டு நிக்குமாம். சும்மா நிக்கிற செலவை மிச்சம் பிடிக்க வந்தவனும் சும்மா நின்னுதான் ராத்திரியை ஓட்டியிருக்கான்.

கேள்வி: 1000 குதிரை சக்தி எல்லாம் ஒரு விஷயமா? இப்ப வர்ற சில ஸ்போர்ட்ஸ் காருக்கே அதுக்கு மேல இருக்கே. (வாசகர், மதுரை)

பதில்: காரை கொண்டாந்து ரெண்டாயிரம் டன் ரயிலுக்கு முன்னாடி கட்டுங்க, டயர் புகையறதை வீடியோ எடுத்து அனுப்புங்க, அட்டைப்படமா போடுறோம்.

ஷண்டிங்குல சக்தியை விட பிடிமானம்தான் பெருசு. என் டபிள்யூ 2 எடை 2 லட்சத்து 48 ஆயிரம் பவுண்டு, மொத்த எடையும் மோட்டார் உள்ள சக்கரத்து மேலதான் உக்காந்திருக்கு, அதுல கால் பங்கு, அதாவது 28 டன் அளவுக்கு அது இழுக்கும். அந்த முழு இழுவையும் மணிக்கு ஏழு எட்டு கிலோமீட்டர் வரைக்கும்தான், அதுக்கு மேல வேகம் கூட கூட இழுவை குறைஞ்சிடும். ஆனா யார்டுல யாருக்கு வேகம் வேணும்?

உள்ள நடக்குறதும் கார் மாதிரி இல்ல. டீசல் இன்ஜின் சக்கரத்தோட சேரவே சேராது. கிளட்ச் கிடையாது, கியர் மாத்துற வேலை கிடையாது. இன்ஜின் ஒரு ஜெனரேட்டரை சுத்தும், அந்த கரண்ட் நாலு மோட்டாருக்குப் போகும், டிசி சீரிஸ் மோட்டார் அசையாம நிக்கும்போதுதான் முறுக்கு விசை உச்சத்துல இருக்கும். ஸ்டார்ட் பண்றதுக்கு தனியா ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்ல, பேட்டரில இருந்து 64 வோல்ட்டை அதே ஜெனரேட்டருக்கு திருப்பி விட்டா அது மோட்டாரா மாறி இன்ஜினை சுத்திவிடும். எனக்கு இந்த யோசனை ரொம்ப பிடிக்கும், வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் ஒரே மாடு.

567ங்கிற நம்பர் என்னன்னு கேக்காமலே சொல்லிடுறேன். ஒரு சிலிண்டரோட கொள்ளளவு 567 கன அங்குலம். நம்ம கணக்குல கிட்டத்தட்ட 9.3 லிட்டர், ஒரே சிலிண்டர்! அந்த மாதிரி 12, வி வடிவத்துல. டூ ஸ்ட்ரோக், ரூட்ஸ் புளோயர் காத்தை உள்ள தள்ளும், முழு வேகமே நிமிஷத்துக்கு 800 சுத்துதான். இப்ப நம்ம ஊர்ல கூட்ஸ் இழுக்குற டபிள்யூடிஜி 4 இருக்கே, அதுல இருக்குற 710 இன்ஜின் இதோட பேரன், பேரு வைக்கிற முறையும் அதேதான், ஒரு சிலிண்டருக்கு 710 கன அங்குலம்.

கேள்வி: டீசல்ல கரி அள்ள வேண்டியதில்லையே, அப்ப ஃபயர்மேன் என்ன பண்ணாரு? (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், அரக்கோணம்)

பதில்: சார், உங்களுக்கு தெரியாததா, நம்ம ஊர்ல ஃபயர்மேன் டீசல் அசிஸ்டெண்டா மாறிட்டாரு. அமெரிக்காவுல இது பெரிய சண்டை. 1937ல யூனியனும் கம்பெனிங்களும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, 90 ஆயிரம் பவுண்டுக்கு மேல எடை இருக்குற டீசல்ல ஃபயர்மேன் கட்டாயம் இருக்கணும்னு. நெருப்பு இல்லாத இன்ஜின்ல நெருப்புக்காரர். என் டபிள்யூ 2 அந்த எடைக்கு ரெண்டரை மடங்குக்கு மேல, அதனால இடது பக்கம் சீட்ல ஒருத்தர் உக்காந்துதான் தீரணும். சும்மா உக்காந்தாருன்னு கம்பெனி சொல்லும், அந்தப் பக்கம் வர்ற ஆளையும் சிக்னலையும் யார் பாக்குறதுன்னு யூனியன் கேக்கும். ரெண்டுலயும் நியாயம் இருக்கு. நீளப் பொட்டிக்கு முன்னாடி பக்கம் என்ன நடக்குதுன்னு கேபின்ல ஒரு ஓரத்துல உக்காந்தவருக்கு பாதிதான் தெரியும்.

ஒப்பந்தம் போட்ட மை காயுறதுக்குள்ள ஆளுங்க சந்து கண்டுபிடிச்சாங்க. ஜெனரல் எலக்ட்ரிக் 1940ல ஒரு குட்டி இன்ஜின் கொண்டுவந்துச்சு, நடுவுல கேபின், ரெண்டு பக்கமும் ஒரு கேட்டர்பில்லர் இன்ஜின், எடை சரியா 44 அமெரிக்க டன். அதாவது 88 ஆயிரம் பவுண்டு! வரம்புக்கு ரெண்டாயிரம் கம்மி. பேரே '44 டன்னர்'. எடையை வச்சு சட்டம் போட்டா எடையைக் குறைச்சு வண்டி வரும், வரி போட்டா அதுக்கு ஏத்த மாதிரி வீடு கட்டுவோமே அதே கதை. ஃபயர்மேன் விஷயம் 1963ல அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டு நடுவர் குழு வச்ச பிறகுதான் ஒரு முடிவுக்கு வந்துச்சு, யார்டு, கூட்ஸ் வண்டியில பெரும்பாலான ஃபயர்மேன் வேலை அதோட படிப்படியா போச்சு.

கேள்வி: ஆல்கோ நல்லாவா, எலக்ட்ரோ மோட்டிவ் நல்லாவா? ஒரே வரியில சொல்லவும். (வாசகர், சேலம்)

பதில்: ஒரே வரியில சொன்னா பாதி வாசகர் அடிக்க வருவாங்க, அதனால ரெண்டு வரி. ரெண்டாம் உலகப் போர்ல அரசாங்கத்தோட போர் உற்பத்தி வாரியம், நீ கூட்ஸ் டீசல் செய்யினு எலக்ட்ரோ மோட்டிவுக்கும், நீங்க ஸ்விச்சர் செய்யுங்கன்னு ஆல்கோ, பால்ட்வின் ரெண்டுக்கும் பிரிச்சு விட்டுச்சு. அதனால யார்டுல ஆல்கோ எஸ்-2 கொடிகட்டிப் பறந்துச்சு, மொத்தம் 1500 கிட்ட செஞ்சாங்க, எண்ணிக்கையில என் டபிள்யூ 2வை ஜெயிச்சது அதுதான். மெதுவா போட்டு இழுக்குறதுக்கு ஆல்கோதான் கில்லாடின்னு அடிச்சு சொன்ன டிரைவருங்க நிறைய. ஆனா கூட்ஸ் லைன்ல போர்க்காலத்துல கிடைச்ச அனுபவம் எலக்ட்ரோ மோட்டிவை எங்கயோ கொண்டு போயிடுச்சு, பால்ட்வின் 1956ல இன்ஜின் செய்றதையே நிறுத்துச்சு, ஆல்கோ 1969ல கடைய மூடிடுச்சு. மூடுறதுக்கு முன்னாடி வாரணாசி டீசல் இன்ஜின் ஃபேக்டரிக்கு தொழில்நுட்பத்தை குடுத்துட்டுப் போனதால அங்க செஞ்ச நம்ம டபிள்யூடிஎம் 2 இன்ஜின் ரொம்ப காலம் கறுப்புப் புகை விட்டுச்சு. ரெண்டு வரி தாண்டிடுச்சு, மன்னிக்கணும்.

கேள்வி: 'பசு, கன்னு'ன்னு ரயில் இன்ஜினுக்கு பேரு உண்டாமே, கிண்டலா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கிண்டல் இல்ல மேடம், ரயில்காரங்க பேச்சுல உண்மையாவே அதான் பேரு. ரெண்டு ஸ்விச்சரை நிரந்தரமா ஜோடி சேத்து, பின்னாடி இருக்குறதுக்கு கேபினே இல்லாம செஞ்சாங்க. கேபின் உள்ளது பசு, இல்லாதது கன்னுக்குட்டி. ஒரே டிரைவர், ரெண்டாயிரம் குதிரை சக்தி. கனமான பெட்டி வரிசையை மொத்தமா தள்ள வேண்டிய யார்டுல இது ரொம்ப உபயோகம். செசபீக் அண்டு ஓஹையோ கம்பெனி ஒரு படி மேல போயி ஒரு பசுவுக்கு ரெண்டு கன்னுன்னு வாங்குச்சு. தஞ்சாவூர்க்காரங்களுக்கு இதுல கேக்க என்ன இருக்கு, ரெட்டைக் கன்னு போட்டா வீட்டுக்கே யோகம்.

கேள்வி: இவ்வளவு நல்ல இன்ஜினை ஏன் 1949ல நிறுத்துனாங்க? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: நிறுத்தல, சக்தியை ஏத்தி பேரை மாத்துனாங்க. அதே 12 சிலிண்டரை 1200 குதிரை சக்திக்கு கொண்டுபோயி எஸ் டபிள்யூ 7ன்னு 1949 கடைசில விட்டாங்க, அப்புறம் எஸ் டபிள்யூ 9, அப்புறம் எஸ் டபிள்யூ 1200. வெளியில நின்னு பாத்தா அண்ணன் தம்பி எல்லாம் ஒரே முகம், பொட்டியில காத்துப் போற ஜன்னல் எங்க இருக்குன்னு பாத்துதான் பிரிச்சு சொல்லணும். பழைய என் டபிள்யூ 2 உடனே குப்பைக்குப் போகல, பெரிய கம்பெனி வித்ததை தானியக் கிடங்கு, இரும்பு ஆலை, துறைமுகம்னு வாங்கிட்டுப் போயி இன்னும் பல வருஷம் ஓட்டுனாங்க. மியூசியத்துலயும் நிறைய இருக்கு. பெரம்பூர் சாரோட பையன் சிகாகோவுலதான இருக்காரு, லா கிராஞ்ச் அங்க இருந்து ஒரு லோக்கல் ட்ரெயின் தூரம்தான்.

கேள்வி: நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க யாழ்தேவியை இழுத்துக்கொண்டு வந்த எஞ்சினில கனடா மாகாணத்துப் பேர் எழுதிக் கிடந்தது. அதுக்கும் நீங்கள் எழுதுற இந்த எஞ்சினுகளுக்கும் ஏதும் சொந்தமிருக்கோ? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இருக்கு ஐயா, நெருங்கின சொந்தமே இருக்கு. என் டபிள்யூ 2 நம்ம பக்கம் வரல. இந்தியாவுக்கு போர்க்காலத்துல 1944-45ல வந்த 15 ஷண்டிங் டீசலும் ஜெனரல் எலக்ட்ரிக் சரக்கு. 567 இன்ஜின் இந்தியாவுல அகலப் பாதைக்கு வந்தது 1962ல, டபிள்யூடிஎம் 4ங்கிற ரயில் இன்ஜினுக்குள்ள, மொத்தம் 72, வடக்கே ஓடினதோட சரி, தெற்கே நம்ம கண்ணுல படல. ஆனா உங்க ஊருக்கு அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. 1954ல இருந்து இலங்கை ரயில்வே வாங்குன எம்2 இன்ஜின், எலக்ட்ரோ மோட்டிவோட ஜி12 மாடல், கனடா கொழும்புத் திட்டத்துல (ஆசிய நாடுகளுக்கு உதவுற திட்டம்) உதவியா குடுத்ததால ஆல்பர்ட்டா, ஒன்டாரியோன்னு மாகாணப் பேரு வச்சாங்க. அது லைன்ல ஓடுற இன்ஜின், ஷண்டிங்குக்கு இல்ல, மூக்கும் முழியும் வேற. ஆனா பொட்டியைத் திறந்தா உள்ள இருக்குறது அதே 567, அதே 12 சிலிண்டர், சக்தி மட்டும் ஜாஸ்தி. அதுல சிலது இன்னும் ஓடுது, கொழும்பு கோட்டை ஸ்டேஷன் பக்கம் போனா ஒண்ணு ஐடில்ல நிக்கும்போது கிட்டப் போயி காது குடுங்க, 1939ல லா கிராஞ்ச் யார்டுல கேட்ட சத்தம்தான் அது.